மறுமுனையைப் பிடிக்கக் கொக்கி வேண்டாம், அக்கா வேண்டும்

அனுப்புநர்
மடிப்பாளர்,
சலவைப் பிரிவு, தரைத்தளம்,
பொது மருத்துவமனை.

பெறுநர்
உயர்திரு நிர்வாக அலுவலர் அவர்கள்,
முதல் மாடி, அதே மருத்துவமனை.

பொருள்: எனக்கு வழங்கப்பட்ட ‘சிறந்த பணியாளர்’ சான்றிதழைத் திரும்பப் பெறவும், சக மடிப்பாளரின் இடமாற்ற ஆணையை ரத்து செய்யவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஒன்றாம் தேதி எனக்குக் கைதட்டலுடன் வழங்கப்பட்ட சான்றிதழ்.
2. அதே நாளில் அவருக்குக் கைதட்டலின்றி வழங்கப்பட்ட ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பரிசு கேட்டு வரும் மனுக்களைத் தாங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். கொடுத்த பரிசைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று வரும் மனு இதுவே முதலாவதாக இருக்கலாம். எனக்குத் தலையில் அடி ஏதும் படவில்லை. தெளிவாகவே எழுதுகிறேன்.

1. பதினொரு ஆண்டுகளாக இம்மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளை நான் மடித்து வருவதாகப் பதிவேடு கூறுகிறது. அது முழுப் பொய். விரிப்பு என் இரு கைகளை விரித்தாலும் அடங்காத நீளம். ஒரு முனையை நான் பிடிப்பேன். மறுமுனையைப் பிடிப்பவர், துணியை உதறும் வேகத்தால் ‘உதறல் அக்கா’ என்று பிரிவில் அனைவராலும் அழைக்கப்படும் என் சக மடிப்பாளர். உதறி, இழுத்து, மடித்து, கிட்டே வந்து, மீண்டும் மடிப்போம்.

2. பதிவேட்டில் ‘மடித்தவர் பெயர்’ என்று ஒரே ஒரு கட்டம்தான் உள்ளது. பேனா என் சட்டைப் பையில் இருந்தது என்ற ஒரே காரணத்தால் என் பெயரையே எழுதி வந்தேன். அதன்படி சென்ற மாதம் நான் மடித்தவை 4,206. அக்கா மடித்தவை பூஜ்ஜியம். இதைப் பார்த்து எனக்குச் சான்றிதழும், வரும் திங்கள் முதல் பின்கட்டடத்துப் பழைய ஆவண அறைக்குச் செல்லுமாறு அவருக்கு ஆணையும் வந்தன.

3. சான்றிதழ் வாங்கும்போது பல் அத்தனையும் தெரியச் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அனைவரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் அக்காதான். “போட்டோல நல்லாத்தான் இருக்க தம்பி, காலரை மட்டும் சரி பண்ணியிருக்கலாம்” என்றார். அடுத்த பத்து நிமிடத்தில் மாடிப்படியில் வைத்து அவர் கையில் ஆணையைக் கொடுத்துவிட்டார்கள்.

4. உதறும்போது நான் எண்ணிக்கையைப் பார்ப்பேன், அவர் துணியைப் பார்ப்பார். இதுவரை மூன்று மூக்குக் கண்ணாடிகள், ஒரு காதுக் கருவி, ஒரு பல் செட் ஆகியவற்றைக் கண்டெடுத்து உரியவர்களிடம் சேர்த்திருக்கிறார். சென்ற மாதம் ஒரு விரிப்பின் மடிப்பில் ஊசி இருந்தது. “தம்பி, கையை எடு!” என்று அவர் கத்தியிராவிட்டால் அது என் உள்ளங்கையில் ஏறியிருக்கும். அன்றைய பதிவேட்டிலும் அவர் கணக்கு பூஜ்ஜியமே.

5. கடந்த புதன்கிழமை அவர் மாற்றல் தாள்களில் கையெழுத்து வாங்கச் சென்றிருந்தபோது தனியாக மடித்தேன். ஒரு முனையைத் தாடையில் இடுக்கினேன், மேசைக் காலில் கட்டினேன், ஒருமுறை வாயாலும் கடித்தேன். காலை பத்து முதல் ஒரு மணி வரை மடித்தவை பதினான்கு. “விரிப்பு கேட்டா மூட்டை மூட்டையா அனுப்பியிருக்கீங்களே, இதுல நோயாளி படுக்கணுமா, சாயணுமா?” என்று வார்டுச் செவிலியர் தொலைபேசியில் கேட்டார். இஸ்திரி போடும் அண்ணன் சிரித்து முடித்த பிறகே உதவிக்கு வந்தார். சிறந்த பணியாளரின் லட்சணம் இவ்வளவுதான் ஐயா.

6. மறுநாள் அக்கா தச்சரை அழைத்து வந்து, தாம் வழக்கமாக நிற்கும் இடத்தில், தம் கை உயரத்திற்குச் சுவரில் ஒரு கொக்கி அடிக்கச் செய்தார். “நான் போனப்புறம் இதுல மாட்டிக்கோ தம்பி. இது உன்னை மாதிரி தொணதொணன்னு பேசாது, வேலை சீக்கிரம் முடியும்” என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. உலர்த்தும் எந்திரத்தின் சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

7. தங்கள்மீது குறை சொல்ல வரவில்லை. பதிவேட்டைத் தாங்கள் நம்பினீர்கள், அதில் எழுதியவன் நான். கட்டம் சிறியது என்பதெல்லாம் வெறும் சாக்கு. நேற்று நெருக்கி எழுதிப் பார்த்தேன், இரண்டு பெயருக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் அது தோன்றாமல் போனதற்கு வெட்கப்படுகிறேன்.

ஆகவே, திங்கட்கிழமைக்குள் அக்காவின் இடமாற்ற ஆணையை ரத்து செய்து, பதிவேட்டில் இருவர் பெயருக்கும் கட்டம் போட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஐயமிருப்பின் தாங்கள் ஒருநாள் காலை பத்து மணிக்குக் கீழே வந்து, ஒரே ஒரு விரிப்பைத் தனியாக மடித்துப் பார்க்கலாம். சிரிக்க மாட்டோம். இஸ்திரி அண்ணனுக்கு மட்டும் என்னால் உறுதி கூற இயலாது.

இம்மனுவை உறைக்குள் போடுவதற்காக மடித்தவர்கள் இருவர். பதிவேட்டிலும் அவ்வாறே எழுதிவிட்டேன்.

இடம்: சலவைப் பிரிவு
நாள்: வெள்ளிக்கிழமை, பணி முடியும் நேரம்

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மடிப்பாளர்கள் இருவரில் ஒருவர்

இணைப்பு:
1. சான்றிதழ், கண்ணாடிச் சட்டத்துடன்.
2. சுவரிலிருந்து கழற்றப்பட்ட கொக்கி, ஒன்று.