சாமிக்கு ஒரு சுற்று

கைக் கரியைக் கழுவாமலே காப்பி கேட்கும் என் அன்பு மச்சானுக்கு,

தீபாவளிக்கு மூன்றாம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு, உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைக் கார் போர்ச்சுக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. ஆதரவு இரண்டு, எதிர்ப்பு ஒன்று. ஆதரித்தவர்கள் உங்கள் மகளும் நானும். எதிர்த்தவள் அக்கா. பத்தொன்பது வருடம் ஒரே இடத்தில் நின்ற மேசை அது. நகர்த்தியபோது, நீங்கள் யார் யாரையோ சந்தேகப்பட்ட பத்தாம் நம்பர் ஸ்பேனர் அதன் காலடியில் கிடந்தது. அக்கா அதை நைட்டியில் துடைத்து உள்ளே கொண்டுபோனாள். வெளியே வரச் சற்று நேரமாயிற்று.

மேசை ஏன் நகர்ந்தது என்று கேட்பீர்கள். ஜப்பானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் உங்கள் மகள் தர்ஷினி விடுமுறைக்கு வந்தபோது தன்னைவிட நீளமான ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே பனிச்சறுக்குப் பலகை இரண்டு. ஸ்கீ என்பார்கள். மலேசியாவின் வெயிலில் கிடக்கும் நம் புலாவ் செபாங் ஊரில் இதற்கு முன் யாரும் இறக்குமதி செய்ததாகத் தெரியவில்லை. வேலை மாற்றலாகிப் போன தோழி ஒருத்தி, ஒரு துளைகூடப் போடாத புதுப் பலகையாக இவளிடம் கொடுத்துவிட்டாளாம். அந்த ஊர்க் கடைகளில் பனிக்காலம் பாதி முடியும்வரை ஆள் காலியில்லை. இவளுக்கு உடனே நினைவுக்கு வந்தது ஆளுயரம் நிற்கும் உங்கள் ட்ரில் மெஷின்தான்.

"அப்பா ட்ரில் நேரா இறங்கும் மாமா. அதை விட்டா நான் எதையும் நம்ப மாட்டேன்."

நீங்கள் போன பிறகு பட்டறையைக் காலி செய்தபோது, மெஷின்களில் நாங்கள் விற்காமல் கொண்டுவந்தது அது ஒன்றுதான். போர்ச்சில் சுவரோரமாக, அக்காவின் துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது. நீளப் பலகையைத் துளைக்கும்போது அதன் இரு முனைகளும் தொங்கக் கூடாது. அதே மட்டத்தில் தாங்க ஏதாவது வேண்டும். அதற்குத்தான் சாப்பாட்டு மேசை. இரண்டு அங்குலம் உயரம் போதவில்லை. என் வீட்டிலிருந்து கலைக்களஞ்சியத்தின் நான்கு தொகுதிகளைக் கொண்டுவந்து மேசைக் கால்களுக்குக் கீழே வைத்தோம். வாங்கிய இத்தனை வருடங்களில் அவை ஒருவருக்குப் பயன்பட்டது அன்றுதான்.

இந்த விளையாட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நானும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். மலையில் மேலே போகக் கம்பிவண்டி இருக்கிறதாம். தர்ஷினி அதில் ஏற மாட்டாள். பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு மேலே நடப்பாள், உச்சியிலிருந்து சறுக்கி இறங்குவாள். காலணியைப் பலகையோடு பிடிக்கும் பூட்டுக்குப் பைண்டிங் என்று பெயர். முன்னால் ஒன்று, குதிகாலுக்கு ஒன்று. ஏறும்போது குதிகால் தூக்க வர வேண்டும். இறங்கும்போது இறுகப் பிடிக்க வேண்டும். விழும்போது கழன்றுவிட வேண்டும்.

செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளுக்குச் சக்கரம் மாட்டிய உங்களிடம் மூன்றாவது விதியைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

வேலையை அவள்தான் செய்தாள். நான் அரசாங்க ஆபீசில் முப்பத்தோரு வருடம் கோப்பு பார்த்தவன். பிடி என்றால் பிடிப்பேன், விடு என்றால் விடுவேன். துளை எங்கெங்கே வர வேண்டும் என்பதற்கு ஒரு காகித அச்சு உண்டு. அதைப் பிரிண்ட் எடுத்துவர என்னை ஸ்டேஷன் பக்கத்துப் போட்டோஸ்டேட் கடைக்கு அனுப்பினாள். கொண்டுவந்து கொடுத்ததும் அதில் இருந்த நூறு மில்லிமீட்டர் கோட்டின் மேல் அடிக்கோலை வைத்தாள். தொண்ணூற்றாறு இருந்தது. நான் திரும்பப் போய்க் கடைக்காரப் பெண்ணிடம் முறையிட்டேன்.

"ஓரம் வெட்டிரும் அங்கிள், அதான் கொஞ்சம் சின்னதா போட்டேன் லா. நாலு மில்லிக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

நாலு மில்லிக்குத்தான் போனேன்.

சரியான காகிதத்தைப் பலகையின் நடுக்கோட்டில் ஒட்டினாள். காலணியின் நடுக்குறியும் பலகையின் நடுக்குறியும் ஒன்றாக நிற்கின்றனவா என்று மூன்று முறை பார்த்தாள். ஒவ்வொரு புள்ளியிலும் ஆணிமுனையால் சிறு குழி தட்டினாள், ட்ரில் வழுக்காமல் இருக்க. பலகையின் தடிமன் கொஞ்சம்தான். ஒன்பது மில்லிக்கு மேல் இறங்கினால் அடியைத் தொட்டுவிடும். ட்ரில் முனையில் ஒன்பது மில்லி அளந்து டேப் சுற்றினாள். முதலில் வேண்டாத மரத்துண்டில் இரண்டு துளை போட்டு ஆழம் பார்த்தாள். பிறகுதான் பலகை. ஒன்றுக்கு எட்டுத் துளை. உங்களைப் போலவே நாக்கை ஒரு பக்கமாகக் கடித்துக்கொள்கிறாள், மச்சான். அக்காவும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். காலையில்தான் ஊற்றியிருந்தாள்.

துளைக்குள் தண்ணீர் இறங்காமலிருக்க மரப்பசை. அப்புறம் திருகுகள். மெஷினால் முடுக்கக் கூடாது, கையால்தான். இரண்டை என்னிடம் கொடுத்தாள். இறுகிய பிறகு என் கை தானாக இன்னும் கொஞ்சம் திரும்பப் பார்த்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"மாமா, சாமிக்கு ஒண்ணு வேணாம். இது மரம். துளை செத்துரும்."

உங்கள் பட்டறைக்கு ஒருமுறை வந்தவர்களுக்குக்கூட அந்த வழக்கம் தெரியும். எந்த நட்டானாலும், முழுக்க இறுக்கிய பின், "சாமிக்கு ஒண்ணு" என்று சொல்லி இன்னொரு சுற்று. மலாய்க்கார டிரைவர்கள்கூட இறங்கும்போது கேட்பார்கள், சாமிக்குப் போட்டாச்சா என்று. நீங்கள் மாட்டிய சக்கரம் எதுவும் வழியில் கழன்றதாக யாரும் வந்து சொன்னதில்லை.

கடைசி வேலை, பூட்டு எவ்வளவு பலத்துக்குக் கழல வேண்டும் என்று வைப்பது. அதற்கு ஓர் அட்டவணை. வயது, உயரம், எடை, காலணி நீளம், எவ்வளவு வேகமாக இறங்குகிறவர் என்பதெல்லாம் அதில் கேட்கிறார்கள். தர்ஷினி தன் எடையைப் போர்ச்சில் நின்று சத்தமாகச் சொன்னாள்.

"மெதுவா சொல்லு, பக்கத்து வீட்டுல ஆள் இருக்கு," என்றாள் அக்கா.

"பொய் சொன்னா கால் உடைஞ்சிரும்மா."

கணக்கு ஆறு என்று வந்தது; எண் கூடினால் பூட்டு லேசில் கழலாது. ஒவ்வொரு குதிகால் பூட்டிலும் இரண்டு சிறு திருகு. ஒன்று பக்கவாட்டில் விழுவதற்கு, மற்றது முன்னால் விழுவதற்கு. நான்கையும் ஆறில் நிறுத்தினாள். காலணியை மாட்டிக்கொண்டு போர்ச்சிலேயே பலகை மேல் ஏறி நின்றாள். பலகையை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் காலை வெடுக்கென்று திருப்பினாள். டக்கென்று கழன்றது.

அவள் சிரித்தாள். அக்கா நெஞ்சில் கை வைத்தாள்.

"கழண்டுருச்சு பாரு. சரியா மாட்டல."

"கழளணும்மா. விழும்போது கழளலனா, பலகை காலையும் சேர்த்துத் திருப்பிரும்."

"அப்ப விழுறதுக்கா மாட்டுற?"

தர்ஷினி என்னைப் பார்த்தாள். நான் படித்தவன் என்று அவளுக்கு ஓர் எண்ணம். நான் கலைக்களஞ்சியத்தைப் பார்த்தேன்.

"உங்கப்பா இருந்தா இப்படிக் கழள விட்டிருப்பாரா?" என்று கேட்டுவிட்டு அக்கா சோறு வைக்கப் போனாள். மேசை வெளியே இருந்ததால் அன்று எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இனி வருவதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மச்சான். உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

மறுநாள் காலை தாயும் மகளும் கோயிலுக்குப் போனார்கள். பலகை இரண்டும் போர்ச்சுச் சுவரில் சாய்ந்திருந்தன. நான் பத்திரிகை படிக்க வந்தவன். படித்துக்கொண்டிருந்தபோதே ஆள் இல்லாத ஒரு மலையும், வெள்ளைச் சரிவும், ஒற்றைக் காலில் பலகையோடு இந்தப் பெண்ணும் எல்லாம் கண்முன் வந்து நின்றன. மற்றப் பலகை கீழே போய்க்கொண்டே இருந்தது. சாமிக்கு ஒண்ணு வேணாம் என்று அவள் சொன்னது மரத்தில் இறங்கும் திருகுக்குத்தானே, இந்த நான்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே என்று யோசித்தேன். ஆபீசில் ஒரு சுற்றறிக்கையை அப்படித்தான் படிப்போம்.

கைப்பிடி வெடித்துக் கறுப்பு டேப் சுற்றிய உங்கள் திருப்புளியை எடுத்தேன். நான்கு திருகுக்கும் ஆளுக்கு ஒரு சுற்று. உங்கள் பெயரைச் சொல்லித்தான் போட்டேன். பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்க்கவில்லை. நீங்களும் எதையும் எண் பார்த்து இறுக்கியதில்லை. அதுதான் உங்களிடமிருந்து நான் கற்றுக்கொண்ட ஒரே தொழில்.

அவள் போய்விட்டாள். விமான நிலையத்தில் பையைத் தள்ளும்போது, "அங்க கடையில மெஷின் இருக்கு மாமா, ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப்பேன்," என்றாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. நான் செய்ததை ஒரு மெஷின் பார்த்துக்கொள்ளும்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அழைத்தாள். இடது கால். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, திருகினாற்போல் முறிந்திருக்கிறது. உள்ளே ஒரு தகடும் ஏழு திருகும் வைத்திருக்கிறார்கள். அந்த ஏழு திருகையும் எவ்வளவு முறுக்க வேண்டும் என்று அளந்து சொல்ல டாக்டரிடம் ஒரு கருவி இருக்கிறதாம்.

அக்கா அழுதுகொண்டே போனை என்னிடம் கொடுத்தாள்.

"மாமா, ஸ்கீ கழளல."

"வலிக்குதாம்மா?"

"அது பரவால்ல. மீட்க வந்தவங்க பாத்துச் சொன்னாங்க, எட்டுல இருந்துச்சாம். நாலும் எட்டு. நான் ஆறுனு வச்சேன்ல? நீங்களும் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அப்ப நான் படிச்சதே தப்பா இருக்கும். கடையில டெஸ்ட் பண்ணிக்கச் சொன்னாங்க மாமா. நான்தான் வேணாம்னேன். அப்பா மெஷின், நான் போட்டது, சரியா இருக்கும்னு ஒரு திமிரு. எனக்கு அப்பா கை வரும்னு நெனச்சேன். வரல."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரிதான். நான் சொன்னது இது: "பரவால்லம்மா. ரெஸ்ட் எடு."

அவள் பைண்டிங்கோடு வந்த கையேட்டை இங்கேயே விட்டுப் போயிருந்தாள். அன்று அதை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஏகப்பட்ட மொழிகளில் இருக்கிறது, தமிழ் இல்லை. கழலும் பலத்தைக் கணக்குக்கு மேல் கூட்டக் கூடாது, மாற்றினால் மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதற்குத் தனிப் பக்கம், தனிக் கட்டம், கட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. வாழ்நாள் முழுக்கப் புத்தகம் படித்தேன், மச்சான். படிக்க வேண்டிய ஐம்பது பக்கம் உங்கள் வீட்டு மேசை மேல் மூன்று நாள் கிடந்தது.

போன ஞாயிறு அழைத்தாள். அதற்கு முந்திய ஞாயிறும் அழைத்தாள். ஊன்றுகோலோடு கழிவறைவரை போகிறாளாம். தொழிற்சாலையில் அளவு பார்க்கும் வேலையை விட்டுவிட்டு மேசை வேலை கேட்டிருக்கிறாளாம். கால் சரியாகும்வரைக்குமா என்று கேட்டேன். இல்லை, இனி அதுதான் என்றாள். தன் கண்ணை நம்ப முடியவில்லையாம். இரண்டு முறையும் சொல்லத்தான் போனை வாங்கினேன். இரண்டு முறையும் சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

இதை இப்படிப் பத்திரிகையில் அச்சாகும்படி எழுதுகிறாயே, அவள் படித்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். தமிழ்ப் பத்திரிகை அந்த மலைக்குப் போவதில்லை. போனால் எனக்கு ஒரு வேலை மிச்சம். இப்படிப்பட்டவனிடமா உங்கள் பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனீர்கள்? அல்லது, பார்த்துக்கொள் என்றால் என்ன அர்த்தம் என்று கொஞ்சம் விளக்கிவிட்டுப் போயிருக்கலாமே?

வரும் ஞாயிறு சொல்லிவிடுகிறேன். நீ ஆறில்தான் வைத்தாய், உன் கண் சரி, உன் கை சரி, எட்டாக்கியது நான் என்று சொல்வேன். உங்களுக்குச் சொல்கிறேன், ஆகவே அவளுக்கும் சொல்வேன்.

முந்தாநாள் தர்ஷினி அம்மாவிடம் பேசும்போது, "அந்த ட்ரில்லை யாருக்காவது குடுத்துரும்மா, நான் இனிமே தொட மாட்டேன்," என்றாளாம். நேற்றுக் காலை பத்து மணிக்குப் பழைய இரும்பு லாரி வந்தது. டிரைவர் தனியாக வந்திருந்தான். ட்ரில்லின் மறுமுனையை நான் பிடித்து ஏற்றிவிட்டேன்.

உங்கள் மனைவியின் தம்பி,
தர்ஷினியின் மாமன்.