பொன்னிக்கு இரண்டு ‘பொ’

அன்புள்ள ஷபானா, என் வாணியம்பாடி வாயாடியே,

நாம் எழுதிய லைப்ரரி நிரல் செவ்வாய்க்கிழமை சோதனையில் பாஸாகிவிட்டது. விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு மூன்றிலும் ஒரே சோதனை, ஒன்றில்கூடத் தவறு என்று சிவப்பு வரவில்லை. உனக்குச் சொல்லப் போனை எடுத்த பிறகுதான், நீ இல்லை என்பது உறைத்தது.

நம்முடையது, சிக்னல் இல்லாத ஊர்களில் கர்ப்பிணிகளின் விவரத்தைப் போனிலேயே வைத்திருந்து, பிறகு ஆஸ்பத்திரிக் கணினியில் சேர்க்கும் சின்ன டேட்டாபேஸ். “இதுக்குத்தான் ஆயிரம் ஆப் இருக்கே” என்றார்கள். அந்த ஆயிரமும் மலைமேல் ஜமுனாமரத்தூரைத் தாண்டினால் சிக்னல் தேடி வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். மலையேறாதவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

ஆனால் நாமும் யோக்கியர்கள் இல்லை. சோதனைக்கு நாம் போட்ட பெயர்கள் குமார், ராணி, கமலா. மலை ஆஸ்பத்திரியில் ஓடவிட்ட முதல் நாளே ஏழு மாத வயிற்றோடு பொன்னி வந்து நின்றாள். நர்ஸம்மா தட்டிப் பார்த்துவிட்டு, “பொன்னின்னு யாரும் இல்லையேம்மா” என்றார்.

“போன வாரந்தான வூட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தீங்க? நான் இன்னா செத்தா பூட்டேன்?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

மேற்பார்வைக்கு வந்தவர் ஒரே போடாகப் போட்டார். “பேரையெல்லாம் இங்கிலீஷ்ல மாத்துங்க. மாசக் கடைசிக்குள்ள சரியாகலன்னா உங்க புரோகிராமே வேணாம்.”

“அவங்க பேரை மாத்துவீங்க, மிஷினை மாத்த மாட்டீங்களா சார்?” என்றாய் நீ. நான் கிள்ளியும் நீ அடங்கவில்லை.

அன்றே வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்டுபிடித்தாய். “மல்லி, இங்க பாருடி. கண்ணுக்கு ஒரே ‘பொ’. போன்ல அந்தக் கொம்பும் காலும் ஒரே குறி. இந்தக் கம்ப்யூட்டர்ல கொம்பு தனி, கால் தனி. நம்ம லைப்ரரி ரெண்டு பொன்னின்னு நெனச்சிக்குது, லூசு. குமார், ராணி, கமலால இந்த எழுத்தே இல்ல, அதான் மாட்டல.” சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் இரண்டையும் ஒரே வடிவமாக்க வழி எழுதினாய்.

அதிலிருந்து பத்தாம் நாள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. டெங்கு என்று எழுதினார்கள். உன் தெருவில் தேங்கி நின்ற சாக்கடையைப் பற்றி எந்தத் தாளிலாவது ஒரு வரி இருந்ததா?

உன் வழி புதிய பெயர்களுக்குச் சரியாக இருந்தது. ஏற்கெனவே சேமித்த பெயர்கள் பழைய வடிவிலேயே கிடந்தன. அவற்றை மாற்றும் பகுதியை நான் எழுதினேன். போனில் ஓடியது கணினியில் விழும், கணினியில் ஓடியது போனில் விழும். அழுதேன், உன்னைத் திட்டினேன், திரும்ப எழுதினேன். பாஸானபோது மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது.

மறுநாள் பொன்னியை வரச் சொன்னோம். நர்ஸம்மா தட்டியதும் திரையில் வந்துவிட்டாள்: ரத்த வகை, முதல் பிரசவத்தில் நிற்காத ரத்தப்போக்கு, எல்லாம். அதைப் படித்த நர்ஸம்மா நிமிர்ந்தார். “இவங்களுக்கு இங்க பிரசவம் பாக்கக் கூடாது. முன்னாடியே வேலூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும்.” பொன்னி திரையை எட்டிப் பார்த்து, “எங்கூட்டுக்காரர் பேரும் இதுல கீதுல்ல? அப்ப அந்தாளும் கூட வரட்டும்” என்றாள். மேற்பார்வைக்காரர் இங்கிலீஷ் பேச்சையே எடுக்கவில்லை.

ஷபானா, உன் பெயரை நிரலின் முதல் வரியில் வைத்திருக்கிறேன். இனி குமாரும் ராணியும் போதாது. ஒவ்வொரு ஊராக நடந்து இந்த மலைப் பெண்களின் பெயர்களைக் கேட்டெழுதிச் சோதனையில் சேர்ப்பேன். அதில் ஒரு பெயர் தவறினாலும் எதையும் வெளியே விடமாட்டேன். இது சத்தியம்.

உன் அம்மா இப்போது “பெரியவளே” என்று கூப்பிடுகிற,
உன் உடன்பிறப்பு
மல்லிகா