முதல் நாலு கிழமை

மச்சாள்,

பிறிட்ஜைத் திறந்தால் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் என்னுடைய ஊசிப் பேனை கிடக்கிறது. நிறை குறைக்கவென்று நேற்றுத்தான் கிளினிக்கில் எழுதித் தந்தார்கள். கையில் எடுத்தேன், கிணற்றடிக் கல் மாதிரிக் குளிர். அந்தக் குளிரோடு துணுக்காயில் உங்கள் அறை வந்துவிட்டது. மத்தியான வெயில் நீலத் திரைக்குள்ளால் கசிந்து, சுவரெல்லாம் தண்ணீருக்குள் இருப்பது போல அசைய, நீங்கள் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "மெல்லமாக் குத்தடி, அது வயிறு, வயல் இல்லை" என்று சிரிக்கிறீர்கள்.

உங்கள் மூத்தவள் லண்டனுக்குத் திரும்பிப் போய் இரண்டு நாள் அப்போது. அவள் விட்டுப்போனதெல்லாம் கட்டிலில் பரவிக் கிடந்தது. சப்பாத்து, கைப்பை, அரைவாசி சென்ட் போத்தல், பிரிக்காத ஊசிப் பேனை ஒன்று. வெளிநாட்டுப் பிள்ளைகள் விட்டுப்போவதை அளவு பார்த்தா போடுகிறோம்? நான் சப்பாத்துக்குள் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டேன். நீங்கள் பேனையை எடுத்தீர்கள். நிறை குறைந்தால்தான் முழங்காலுக்கு ஒப்பரேஷன் என்று சொல்லியிருந்தார்களே. அடுத்த நெல் வெட்டுக்கு வயல் வரம்பில் நடந்து போகவேண்டும் என்பதுதான் உங்கள் ஒரே கதை.

"அவளுக்குச் சரியெண்டா எனக்கும் சரிதானே. என்ர பிள்ளைதானே அவள்."

"ஓம் மச்சாள்" என்றது நான். குத்தியதும் நான். அவள் மாதக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப்போய் நின்ற மருந்து அளவு அது என்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

மூன்று நாள் சத்தி. இளநீர்கூட உள்ளே நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக்கொண்டே அந்த டொக்டர் பிள்ளை, "ஆர் இதைப் போட்டுவிட்டது?" என்று சத்தம் போட்டா. நீங்கள் கண்ணை மூடியபடியே, "நான்தான் குத்தினனான் பிள்ளை. இவவுக்கு ஒண்டும் தெரியாது" என்றீர்கள். அவா அங்கால் போனதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். ஐயோ மச்சாள், அந்த நேரம் நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம்.

சுகமாகி வந்த பிறகு ஊசி என்ற சொல்லையே வீட்டில் எடுக்க விடவில்லை. முறையாகக் கிளினிக்கில் தொடங்குவோம் என்று கெஞ்சிப் பார்த்தேன். "போதுமடி, நான் குண்டாவே இருந்திட்டுப் போறன்." ஒப்பரேஷன் தள்ளித் தள்ளிப் போனது. இரண்டு வெட்டையும் யன்னலால்தான் பார்த்தீர்கள். போன மாரியில் நெஞ்சுநோ வந்து எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றார்கள். நம்புகிறேன். ஆனால் நீங்கள் நடக்காமல் போனதற்குத் தொடர்பு உண்டு.

நேற்றுக் கிளினிக் டொக்டர் எனக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தினா. "கால் மில்லிகிராம், கிழமைக்கு ஒருக்கா, நாலு கிழமை. இந்த அளவில மெலியமாட்டியள், சொல்லிப்போட்டன். உடம்பு பழகிறதுக்குத்தான் இது. பிறகு பாத்து ஏத்துவம்." வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அந்தத் தூறலுக்குள் நீங்கள் சேலையை உயர்த்திப் பிடித்தபடி, காலில் ஒரு நோவும் இல்லாமல், வரம்பில் போய்க்கொண்டே இருந்தீர்கள். கூப்பிட்டால் திரும்பிவிடுவீர்கள் போல இருந்தது.

"இந்த மருந்து முந்திப் பாவிச்சிருக்கிறியளோ?" என்று கேட்டா.

"நான் பாவிக்கேல்லை. என்ர மச்சாளுக்குப் போட்டனான்" என்றேன். "கூடின அளவு. அவா தானே போட்டுக்கொண்டதெண்டு சொன்னவா. அது பொய். நான்தான் போட்டனான்."

அவா எழுதுவதை நிறுத்தினா. பிறகு மெல்லக் கேட்டா, "அவா இப்ப எப்பிடி, சுகமோ?"

நீங்கள் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, மச்சாள். "ஓம், சுகம்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.