கழுவிப் பொட்டு வைத்த ஆம்ப்ளிஃபயர்

குவைத்,
12.7.1998

அன்பு லதாவுக்கு,

உன் ஹரிபாபு எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வெயில்தான் ஆளை உரிக்கிறது. அம்மாவின் முட்டிவலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், லீவில் ஊருக்கு வரும் பாலையாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தைலத்தோடு ஒரு கனமான பெட்டியும் வரும். உள்ளே தங்கமில்லை என்று அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடு. எங்கள் கம்பெனியிலிருந்த வெள்ளைக்கார என்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கிடாருக்கான வால்வு ஆம்ப்ளிஃபயர். உதிரி உதிரியாக இருக்கும். கூடவே வரும் புத்தகத்தைப் பார்த்து நாமே ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கட்ட வேண்டும். பழைய ரேடியோவுக்குள் கண்ணாடிக் குழாய் எரியுமே, அதுதான் வால்வு. அதில் வருகிற கிடார் சத்தமே தனி. திருப்பதி ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்த காலமெல்லாம் அந்தச் சத்தத்துக்கு ஏங்கியிருக்கிறேன்.

இங்கே ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கிறோம். பாட்டு முணுமுணுத்தால்கூடப் பக்கத்துக் கட்டில்காரன் முறைக்கிறான். நீ பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், நீயே கட்டு. உகாதியோடு என் காண்ட்ராக்ட் முடிகிறது. வந்து ஒயரைச் சொருகி வாசிப்பேன். அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன்.

அன்புடன்,
ஹரிபாபு


சித்தூர்,
23.8.1998

அன்புள்ள மாமாவுக்கு,

லதா எழுதிக்கொண்டது. தைலம் அத்தைக்குக் கேட்கிறது. பெட்டிதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "இரும்பு அனுப்பறதுக்கு இவன் குவைத்துக்கா போனான்? இங்க காயலான் கடைல கெடைக்காதா?" என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டார்.

மாமா, பெட்டியைப் பிரித்த அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. சின்னச் சின்ன உறைகளில் வண்ணக்கோடு போட்ட ரெசிஸ்டர்கள், இரண்டு டிரான்ஸ்பார்மர், பஞ்சில் சுற்றிய வால்வுகள். மைக்செட்காரர் வீட்டிலிருந்து சால்டரிங் அயர்ன் இரவல் வாங்கி, முதல் துளி ஈயம் உருகியபோது புகை மூக்கில் ஏறியது. லேப் ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். அத்தை பார்த்துவிட்டு, கண் எரிகிறதென்று நினைத்து வெங்காயம் நறுக்குகிற வேலையையும் என் பக்கம் தள்ளினார்.

உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். கல்யாணமான ஐந்தாம் மாதம் நீங்கள் விமானம் ஏறினீர்கள். அன்றிலிருந்து எனக்கு அளந்துவிட்ட இடம் அடுப்படியும் கொல்லையும்தான். வாசலில் நின்றால், "புருசன் ஊர்ல இல்லாத பொண்ணு தெருவப் பாத்துக்கினு நின்னா நாலு பேரு இன்னா பேசுவான்?" என்கிறார். கோயிலுக்குப் போனாலும் அவர் கூட வருகிறார். திட்டுகிற மாமியாராக இருந்தால் சண்டையாவது போடலாம். இவர் எனக்கு ஊட்டிவிடாத குறையாகப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்துகிறார். எனக்கு மூச்சு முட்டுகிறது.

இப்போது பகலில் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்தால் பொழுது போவது தெரியவில்லை. உகாதி வேகமாக வரட்டும்.

உங்கள்
லதா


சித்தூர்,
4.10.1998

அன்புள்ள மாமாவுக்கு,

கோபப்படாமல் படியுங்கள். முடிந்தால் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

ஆம்ப்ளிஃபயரைக் கட்டி முடித்துவிட்டேன். ஆயுத பூஜையன்று நல்ல நேரத்தில் முதல்முறையாகப் போட்டுப் பார்க்கலாம் என்று நானும் அத்தையும் பேசி வைத்திருந்தோம். காலையில் பொரியும் பூசணிக்காயும் வாங்க அபூர்வமாக என்னைத் தனியாகக் கடைக்கு அனுப்பினார். திரும்பி வந்தால், அரிவாள்மணை, சைக்கிள், உங்கள் கிடார் எல்லாவற்றுக்கும் நடுவில் ஆம்ப்ளிஃபயர் பளபளவென்று இருக்கிறது. வால்வுக்கு வால்வு சந்தனம், குங்குமம். டிரான்ஸ்பார்மருக்குச் சாமந்தி மாலை. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பொட்டை மட்டும் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் கற்பூரம் காட்டி, பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமி அக்காவையும் கூப்பிட்டு, சுவிட்சைப் போட்டேன். வால்வுகள் மெல்லச் சிவந்தன. "அம்மன் கண்ணு மாதிரி இருக்குது" என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் கையை எடுப்பதற்குள் சடசடவென்று சத்தம், கருகின வாடை, ஒரே புகை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

அப்புறம்தான் அத்தை மெதுவாகச் சொன்னார். "பூஜைல வெக்கற சாமான அழுக்கோடவா வெப்பாங்க? சீக்காய் போட்டு நல்லாத்தான் தேச்சேன். கெணத்துத் தண்ணி நாலு கொடம் ஊத்தினேன். வெயில்ல வெச்சுத் தொடச்சும் வெச்சேனே."

ஆமாம் மாமா. தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்டியிருக்கிறார். வெளியே காய்ந்துவிட்டது, டிரான்ஸ்பார்மர் சுருளுக்குள் போன தண்ணீர் காயவில்லை. ஸ்பீக்கருக்குப் போகிற டிரான்ஸ்பார்மர் கருகிப் போய்விட்டது. நான் அழுதேன். அத்தையும் அழுதார். "எம்புள்ள சாமானை நானே கொளுத்திட்டேனே" என்று அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. கடைசியில் நான்தான் அவரைச் சமாதானம் செய்ய வேண்டியதாகிவிட்டது.

என்ன செய்யட்டும், எழுதுங்கள்.

உங்கள்
லதா


குவைத்,
1.11.1998

அன்பு லதாவுக்கு,

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். எட்டுக் கட்டிலும் குலுங்கிச் சிரித்தது. முறைக்கிறவன்கூட "உங்கள் அம்மா டெலிவிஷனை எப்போது குளிப்பாட்டுவார்?" என்று கேட்டான். அம்மாவைச் சாப்பிடச் சொல். கிடாரைக் கிணற்றில் முக்காமல் விட்டாரே, அதுவே போதும்.

திருப்பதியில் சண்முகம் என்பவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார். ஆர்க்கெஸ்ட்ரா நாட்களில் எனக்குப் பழக்கம். அவரிடம் கொடுத்தால் புதிதாகச் சுற்றித் தருவார். தனியாகப் போகாதே, அம்மாவைக் கூட்டிப் போ.

கட்டி முடித்தாயே, கெட்டிக்காரி. இங்கே மணலைப் பார்த்துப் பார்த்து என் கண் பூத்துவிட்டது. பாஸ்போர்ட் கம்பெனி பீரோவில் இருக்கிறது. அது கைக்கு வரும் நாளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
ஹரிபாபு


சித்தூர்,
20.12.1998

அன்புள்ள மாமாவுக்கு,

டிரான்ஸ்பார்மர் சுற்றியாகிவிட்டது. சண்முகம் கடையில் அத்தை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் கையையே பார்த்துக்கொண்டு, "தண்ணி படாம பாத்துக்கோ நைனா" என்று அவருக்கே புத்தி சொன்னார்.

அங்கே ஒரு விஷயம் நடந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதமே. என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த வரலட்சுமி கடைக்கு வந்தாள். ரேணிகுண்டா ரோட்டில் புதிதாக டி.வி. கம்பெனி வந்திருக்கிறதாம், அதில் சூப்பர்வைசராக இருக்கிறாள். நான் பற்றவைத்த போர்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க லைன்ல இவ்ளோ சுத்தமா வெக்கறதுக்கு ஆள் இல்லடி. நீ வந்துடு, நான் பேசறேன்" என்றாள். பெண்களுக்கு ஹாஸ்டல் இருக்கிறது. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாம். திரும்புகிற பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். சந்திரகிரி தாண்டின பிறகு, "அரியக் கேக்காம எதுவும் ஆவாது" என்று மட்டும் சொன்னார்.

போகட்டுமா மாமா? எனக்குப் போக வேண்டும். இதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியவில்லை.

உங்கள்
லதா


குவைத்,
10.1.1999

அன்பு லதாவுக்கு,

நான் வெளிநாட்டிலிருக்க என் பெண்டாட்டி ஹாஸ்டலில் இருக்கிறாள் என்றால் சித்தூரில் என் பேர் என்ன ஆகும்? அம்மா தனியாக எப்படி இருப்பார்? உன்னைக் குறையாகச் சொல்லவில்லை. உகாதி வரைக்கும் பொறுத்துக்கொள். நான் வந்துவிடுகிறேன். திருப்பதியிலேயே வீடு பார்த்து மூன்று பேரும் போய்விடலாம். நீ கம்பெனிக்குப் போ, நான் வாசிக்கப் போகிறேன். அதுவரைக்கும் வீட்டில் இரு.

அன்புடன்,
ஹரிபாபு


குவைத்,
2.3.1999

அன்பு லதாவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாளைக் கடத்திவிட்டேன். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஃபோர்மேன் வேலை கேட்டேன், கொடுத்தார்கள். ஊருக்கு வந்து மறுபடி கல்யாண மண்டபம் கல்யாண மண்டபமாகக் கிடாரைத் தூக்கிக்கொண்டு அலைவதை நினைத்தால் பயமாக இருந்தது. இங்கே இருக்கவும் முடியவில்லை, வரவும் தைரியமில்லை. வீட்டுக்கு மேல்மாடி போட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

ஆம்ப்ளிஃபயரைத் துணி போட்டு மூடி வை. நான் வரும்வரை யாரும் போட வேண்டாம். வரலட்சுமியிடம் முடியாது என்று சொல்லிவிடு. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல். உன் வாயால் சொன்னால் தாங்கிக்கொள்வார்.

அன்புடன்,
ஹரிபாபு


திருப்பதி,
11.4.1999

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் உகாதிக்கு முந்தின நாள் வந்தது. அத்தை உங்களுக்காகப் போளிக்குப் பருப்பு ஊறவைத்திருந்தார். "எந்த பஸ்ஸுக்கு வரானாம்?" என்று கேட்டார். தேதி எழுதவில்லை என்று சொன்னேன்.

கம்பெனி பாஸ்போர்ட்டைத் தராமல் உங்களைப் பிடித்து வைத்திருந்தால் உங்களோடு சேர்ந்து அழுதிருப்பேன். நீங்களே கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பயம் இருந்தது புரிகிறது. அந்தப் பயத்துக்கு என்னை எதற்கு வீட்டில் உட்காரவைத்தீர்கள்? எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

உகாதியன்று சாயங்காலம் ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். நீங்கள் வேண்டாமென்று எழுதிய பிறகுதான் போட்டேன். புகையில்லை, வாடையில்லை. கிடாரை எடுத்து ஒயரைச் சொருகினேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு கம்பியைத் தட்டினேன். வீடே நிறைந்து, பரணிலிருந்த பித்தளைப் பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. நீங்கள் ஏங்கிய சத்தம் அதுதானா என்று எனக்குத் தெரியாது. நன்றாக இருந்தது.

கொல்லையிலிருந்து அத்தை ஈரக்கையோடு ஓடிவந்தார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். "அரி வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே அறைக்குள் பார்த்தார். கதவுக்குப் பின்னாலும் பார்த்தார். யாருமில்லை என்று தெரிந்ததும் தரையில் உட்கார்ந்து, "இன்னொரு வாட்டி தட்டு" என்றார். தட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார். "அவன் வர வரைக்கும் நீ தெனம் இத்த தட்டிக்கினு இரும்மா. எனக்கு அது போதும்."

அவர் ஆசையாகத்தான் சொன்னார். எனக்கோ, இன்னும் பத்து வருடம் கழித்தும் அதே அறையில் அந்தக் கம்பியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று தோன்றியது.

மறுவாரம் வேலையில் சேர்ந்தேன். கிளம்பும்போது அத்தை, "அரியக் கேட்டியா?" என்றார். "கேட்டேன் அத்தை, வேணாம்னாரு. நான் போறேன்" என்றேன். அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். பஸ் கிளம்பினதும் அழுகை நின்றுவிட்டது.

போன ஞாயிறு வீட்டுக்குப் போனேன். அத்தை கதவைத் திறந்தார். என்னோடு பேசவில்லை, ஆனால் எனக்கும் சேர்த்துச் சோறு வடித்திருந்தார். சாப்பிட்டதும் உங்கள் கடிதத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்து, "படி" என்றார். நான் படிக்கவில்லை.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாததால், நீங்கள் எழுதுவதில் அவர் மனம் நோகிற வரிகளை விட்டுவிட்டுத்தான் இத்தனை நாளும் படித்துக் காட்டினேன். இந்தக் கடிதத்தில் அப்படி விட்டால் படிக்க எதுவும் மிஞ்சாது. இதை நான் அவருக்குச் சொல்லமாட்டேன். வேறு யாரையும் விட்டுச் சொல்லவைக்கவும் மாட்டேன். பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் எழுந்து வாசலுக்குப் போகிறார். லீவு போட்டு வந்து, அவர் முன்னால் உட்கார்ந்து நீங்களே சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் நானும் இருப்பேன்.

பிரேமலதா