குளம் கிழக்கே இருந்தது

என் தோழிக்கு,

நேற்று நாம் தேடிய குளம் கிடைத்துவிட்டது. சேதராப்பட்டு போகும் வழியில் மோட்டார் கொட்டகைக்குக் கடைக்கால் தோண்டியவர்கள் செங்கல் படிகளில் போய் முட்டியிருக்கிறார்கள். குழியில் இறங்கிப் பார்த்தேன். ஈரச் சுண்ணாம்பு வாசனை புடவையை விட்டு இன்னும் போகவில்லை. நீ இறந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. ஆனாலும் உன்னிடம்தான் முதலில் சொல்ல வாயெடுத்தேன்.

எழுபதுகளில் நாம் ஒரே கல்லூரியில் சரித்திரம் நடத்தினோம். பிரெஞ்சு வியாபாரி ஒருவன் ஊருக்கு வெளியே கட்டிய மாளிகையின் தோட்டத்தைத் தேடி விடுமுறைதோறும் கிளம்புவோம். மாளிகையின் செங்கல்லைக்கூட ஜனங்கள் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். நம் கையில் இருந்தது பழைய வரைபடத்தின் நகல் ஒன்றுதான். பள்ளிக்கூடப் படம் மாதிரி வடக்கை மேலே வைத்துக்கொண்டு, கோடை முழுக்க மல்லாட்டைக் கொல்லைகளில் கடலைச்செடிகளுக்கு நடுவே உன்னை இழுத்தடித்தேன். ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் நீ அதை வாங்கி, கீழ்ப்பக்கம் கிழக்கே கடலைப் பார்க்கத் திருப்பிப் பிடித்தாய்.

"கப்பல்ல வந்தவன் வரைஞ்சதுடி. அவனுக்குக் கடல் கீழதான் இருக்கும்."

பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தோம். மாளிகைக்குப் போன பாதையின் புளிய மரங்கள் வரிசை பிசகாமல் நின்றிருந்தன. நீ கைதட்டிச் சிரித்தாய். எனக்கு வயிறு எரிந்தது.

எதைத்தான் பொறுத்துக்கொள்வது? உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அந்த மொழி உனக்கு வீட்டிலேயே கிடைத்தது. நான் அகராதியைக் கட்டிக்கொண்டு அழுதேன். கொல்லைக்காரர்கள் இளநீர் சீவினால் முதல் காய் உனக்குத்தான். நாம் சேர்ந்து எழுதிய கட்டுரை அச்சானபோது என் பெயரை முன்னால் போட்டாயே, அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் கோபம்.

கொல்லைக்காரர்கள் சொன்ன தோட்டத்துக் குளம் மட்டும் அந்தப் படத்தில் இல்லை. மாளிகைக்கு மேற்கே என்று நீ சாதித்தாய், கிழக்கே என்று நான். எண்பதுகளிலும் இதே சண்டைதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் "மேற்கதான்டி" என்றாய்.

கிழக்கேதான் இருந்தது. படியில் நின்று ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கும்போது, நம் இருவரையும் அந்த நாளிலிருந்தே தெரிந்த கொல்லைக்காரம்மா மேலேயிருந்து சொன்னாள்: "அந்தக்கா பாத்திருந்தா சந்தோசத்துல குதிச்சிருப்பாங்க இல்ல?"

ஒரே ஒரு தடவை, நான் ஜெயித்து உன் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமும் அலைந்தேன். அவள் சொன்னது சரி. சுருங்கியிருக்காது. நீ குதித்துத்தான் இருப்பாய். இன்றைக்கும் எனக்கு அதுதான் தாங்கவில்லை.