ஆவி பிடிக்கையில் பக்கத்தில் இருந்தவளுக்கு

இன்று மத்தியானம் கல்லூரிப் பெண் ஒருத்தி கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். போனில் பார்த்து வரவழைத்த லாவெண்டர் எண்ணெய். "முகத்துக்கு ஆவி புடிக்கறப்ப இத எத்தன மூடி ஊத்தணுங்க்கா?" என்று கேட்டுக்கொண்டே திறந்தாள். அந்த வாசனை பார்லர் முழுக்கப் பரவியதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் வேண்டுமா என்றாள். காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை, அதுதான் என்றேன். பாதி உண்மை.

"மூடிக் கணக்கெல்லாம் வேண்டாம் கண்ணு. ஒரு குண்டான் தண்ணிக்கு ஒரு சொட்டு. புதுசாப் பண்றேன்னா அதுவும் வேண்டாம், வெறும் ஆவியே போதும்" என்று சொல்லி அனுப்பினேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. நீ உயிரோடு இருந்தவரை இது உன் வேலை. நான் புருவம் திருத்துவேன், முடி வெட்டுவேன், நீ பேசுவாய். இப்போது வேலையும் பேச்சும் என் ஒருத்தி தலையில்.

காரிமங்கலத்தில் உரக்கடைக்கு மேல் பார்லர் வைக்க இந்த அறையை நாம் இரண்டு சிநேகிதிகளும் வாடகைக்குப் பிடித்தபோது, மூட்டைகளின் நெடி மாடிப்படி ஏறி வரும். அதை அமுக்கத்தான் நீ யூக்கலிப்டஸ் எண்ணெய் வாங்கினாய். அதைக் கொண்டே ஆவி பிடித்துப் பார்க்கலாம் என்று தோன்றியதும் உனக்குத்தான். வந்தவர்களிடம் செய்து பார்க்க நீ ஒப்பவில்லை. உன் முகத்தையே முதலில் நீட்டினாய். தாராளமாக ஊற்றிவிட்டுத் துண்டைப் போர்த்தியவள், மூச்சு இரண்டு விடுமுன் இருமிக்கொண்டு வெளியே வந்தாய். கண் இரண்டும் கொவ்வைப்பழம்.

"எண்ணெய் தண்ணியில கலக்கல புள்ள. மேலயே மெதக்குது. அத்தனையும் ஆவியோட ஏறி நேரா கண்ணுக்குத்தான் வருது" என்றாய். அதற்குப்பின் அடுப்பிலிருந்து இறக்கிய குண்டானை ஆடாத மேசையில் வைத்து, முதல் சூடு போகும்வரை காத்திருப்பாய். ஒரு சொட்டு விடுவாய். முகத்தைக் கிட்டே கொண்டுபோக விடமாட்டாய். கண்ணைத் திறந்தால் அதட்டுவாய். கொஞ்ச நேரத்தில் போதும் என்று எழுப்பிவிடுவாய். இளைப்பு உண்டா, மாசமாக இருக்கிறார்களா என்று கேட்காமல் புட்டியைத் தொடமாட்டாய். உண்டு என்றால் எண்ணெய் கிடையாது. குழந்தைகளுக்குக் கேட்க வேண்டியதே இல்லை, கிடையாது.

சங்கீதா விஷயத்தில் நீ அப்படி நின்றதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். மறுநாள் காலை முகூர்த்தம். அலங்காரத்துக்கு நம்மிடம் பேசியிருந்தார்கள். முதல்நாள் காலை பத்து மணிவாக்கில் அவளுடைய அம்மா அவளைக் கைத்தாங்கலாக மாடிப்படி ஏற்றிக்கொண்டு வந்தார். முகம் பளபளக்க வேண்டும் என்று அந்தப் பெண் வீட்டிலேயே, பருவுக்கென்று விற்கிற டீ ட்ரீ எண்ணெயைக் கொதிக்கிற தண்ணீரில் பாதிப் புட்டி ஊற்றி ஆவி பிடித்திருக்கிறாள். போதாததற்கு அதே எண்ணெயைப் பருக்களின்மேல் அப்படியே தடவியும் இருக்கிறாள். கன்னமெல்லாம் செக்கச் செவேலென்று தடித்திருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை.

"எதையாவது பூசி மூடிடுங்க. சொந்தபந்தமெல்லாம் வூட்டுக்கு வந்து எறங்கிட்டாங்க" என்றார் அம்மா.

நீ நேராக சங்கீதாவைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கண்ணில் தண்ணீர் ஓடவிட்டாய். முகத்தில் இருந்த எண்ணெயை மெதுவான சோப்பால் கழுவினாய். அவள் அழ அழ, நிறுத்தாமல் நெடுநேரம் தண்ணீர் ஊற்றினாய். அப்புறம்தான் அவளுடைய அம்மாவிடம் திரும்பினாய்.

"பூச மாட்டனுங்க. நாளைக்கும் பூச மாட்டன். இது வெந்த தோலு. மொதல்ல கண்ணு டாக்டர்கிட்ட போலாம், நானும் வரன்."

"அட்வான்ஸ் வாங்கினவ பேசற பேச்சா இது? ஊரெல்லாம் சொல்லுவன்."

"சொல்லுங்க. ஆட்டோ கூப்பிடறன், மொதல்ல ஏறுங்க."

வேலைக்குப் போட்டிருந்த அழுக்கு நைட்டிமேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு நீ அவர்களோடு போனாய். கருவிழியின் மேல்தோல் உரிந்திருக்கிறது, மருந்து விட்டால் ஆறிவிடும், முகத்தில் எதுவும் படக்கூடாது என்று டாக்டர் சொன்னாராம். மறுநாள் அந்தப் பெண் முகத்தில் ஒன்றும் பூசாமல், சிவந்த கன்னத்தோடு மணவறையில் உட்கார்ந்தாள். அவளுடைய அம்மா மிரட்டியபடியே ஊரெல்லாம் சொன்னார். அந்த முகூர்த்தக் காலம் முழுக்க நம் மாடிப்படியில் கல்யாண வீட்டுக்காரர் யாரும் ஏறவில்லை. நான் உன்மேல் எரிச்சல் படவில்லை, ஆனால் அலுத்துப்போனேன். நீ தரையைப் பெருக்கினாய், பெருக்கிய தரையை மறுபடி பெருக்கினாய்.

ஒரு சந்தை நாளில் சங்கீதா தனியாக வந்தாள். கண்ணில் குறையில்லை, கன்னத்தில் தழும்பில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கூட்டுக்காரரு அந்தச் செவந்த மூஞ்சி போட்டோவத்தான் போன்ல வச்சிருக்காருங்க்கா. மாத்தச் சொன்னா மாத்த மாட்டேங்கறாரு" என்றாள். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பில் கீழே உரக்கடைக்காரர் படியேறி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் உனக்குப் புற்றுக்கட்டி என்று தெரிந்தது. சேலத்து ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தோம். மருந்து ஏற ஏற உனக்கு எந்த வாசனையும் ஆகவில்லை. தாளிக்கிற வாசனை ஆகாது, மல்லிகைப்பூ ஆகாது. மாதா கோயிலில் சாம்பிராணி போடுவார்கள் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூடப் போகாமல் வீட்டிலேயே செபமாலை சொன்னாய். நான் பார்லரிலிருந்து வந்தால் வாசலை ஒட்டியே சேலை மாற்றிக்கொண்டுதான் உன்னிடம் வருவேன்.

மூக்கடைத்துத் தூங்க முடியவில்லை என்றபோது, டாக்டரைக் கேட்டுக்கொண்டு வெறும் தண்ணீரில் ஆவி வைத்தேன். முடி இல்லாத உன் தலைமேல் துண்டைப் போர்த்திக் குண்டானைக் கையால் பிடித்துக்கொண்டேன். நீ சரிந்துவிடுவாயோ என்று எனக்குக் கவலை. பிறகு துண்டுக்குள்ளிருந்து, "பயமா இருக்குது புள்ள" என்றாய். அத்தனை மாதத்தில் ஒருநாளும் யாரிடமும் சொல்லாததை, முகம் தெரியாத அந்த இடத்தில் சொன்னாய். "இங்கதான் இருக்கறன்" என்றேன். "தெரியும், அதான் சொன்னன்" என்றாய். துண்டை எடுத்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. எது ஆவி, எது கண்ணீர் என்று நான் பார்க்கவில்லை. துடைத்துவிட்டேன்.

நீ போன பிறகு கடையை மூடிவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். உடம்பு முன்போல் இல்லை. பேசப் பிடிப்பதில்லை. ஆனால் துண்டுக்குள் ஒரு தலை போய்விட்டால் மட்டும் நான் அறையைவிட்டு நகர்வதில்லை. போன் அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். சூடு தாங்காவிட்டால் தூக்கிவிட ஆள் வேண்டும் என்று வருகிறவர்களிடம் காரணம் சொல்கிறேன். அதுவும் உண்மைதான்.

ஆனால் அந்தத் துண்டுக்குள் பேசுகிறார்கள். போன மாதம் கலைந்துபோன கருவைப் பற்றி, குடித்துவிட்டு வருகிறவனைப் பற்றி, மதிப்பெண் குறைந்ததை வீட்டில் மறைத்ததைப் பற்றி. எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ள என்னிடம் தெம்பில்லை. ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, குண்டான் விளிம்பை ஒரு கையால் பிடித்தபடி, அவர்களாக நிமிரும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.