என் இருமலும் உங்கள் தம்பியும்

என்னங்க,

நீங்கள் உங்கள் தம்பி சசியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வருவதற்குள் நான் பெண்டாங்கில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். "எச்.ஐ.வி.க்குப் பயந்து ஓடுறியா?" என்று காலையில் முறைத்தீர்களே, அப்போது பதில் சொல்ல இருமல் விடவில்லை. ஒரே வீட்டில் இருந்தால் அது ஒட்டாது என்று எனக்கும் தெரியும். நர்ஸ் விளக்கியபோது நீங்கள்தான் போனைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். அவனுக்கு இப்போது எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைவு. என் சளி அவனுக்கு நிமோனியா ஆகிவிடலாமாம். அவனுக்கு நான்தான் ஆபத்து.

சட்டியில் கஞ்சி இருக்கிறது. அவனுக்கு வாயெல்லாம் வெள்ளைப் புண், காரமான சம்பல் கொடுக்காதீர்கள். அரைவேக்காட்டு முட்டை கேட்டுக் கெஞ்சுவான். முழுசாக வேகவைத்துக் கொடுங்கள். நம் பூனையின் கழிவு மணலை அவன் தொடக் கூடாது, நீங்கள் அள்ளுங்கள். செத்துவிட மாட்டீர்கள்.

எதிர்வீட்டுப் பூரணம் அக்கா என் பையைப் பார்த்துவிட்டார். "கொழுந்தன் வர்ற நேரத்துல கெளம்பிட்ட, என்னா விஷயம்?" என்றார். "புருஷன்கூட பெரிய சண்டைலா, அக்கா" என்றேன். அவர் மருமகள் கதையை நான் பேசாத வீடில்லை. இப்போது அவர் முறை. தாமான் குடியிருப்பு முழுக்க நம் சண்டையையே பேசட்டும், சசிக்கு என்ன நோய் என்று கேட்க யாருக்கும் நேரம் இருக்காது.

நவமணி

சாவி செருப்பு ரேக்கில்.

என் இருமல் நின்றதும் வந்து கூப்பிடுங்கள். நாம் திரும்பி வரும்போது நம் வீட்டு கேட்டருகே நின்று, பூரணம் அக்கா காதில் விழும்படி, கொஞ்சம் கெஞ்சுங்கள். சண்டை நிஜம் என்று நம்புவார்; காலையில் நீங்கள் பேசிய பேச்சுக்கும் கணக்குத் தீர்ந்துவிடும்.